ஆள் எங்கே என்று சொல்லாதவர்

வழி கேட்டால் சொல்லுவார். லிஃப்ட் எங்கே, எக்ஸ்ரே எடுக்கும் இடம் எங்கே, பூம்ப்ளிஸுக்குப் போகும் ட்ராம் எந்தப் பக்கம் நிற்கும் என்று யார் கேட்டாலும் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு வாசல்வரை கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வருவார். ஆளைக் கேட்டால் மட்டும் சொல்லமாட்டார். இன்னார் எங்கே என்று கேட்டால், அந்த இன்னார் அவருக்குப் பின்னால் குனிந்து சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருந்தாலும் "தெரியாது" என்பார்.

சுவிஸின் பேர்ண் நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சமையலறையில் பன்னிரண்டு வருடம் அவருக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தேன். நோயாளிகளின் தட்டுகள் ஒரு நீளமான பட்டியில் ஊர்ந்து வரும். நான் உருளைக்கிழங்கோ சோறோ வைப்பேன், அவர் சூப் ஊற்றுவார். ஒவ்வொரு தட்டிலும் ஓர் அட்டை இருக்கும். பெயர், அறை இலக்கம், உப்பில்லாமல், சீனியில்லாமல் என்று எல்லாம் அதில் இருக்கும். மற்றவர்கள் அட்டையைப் பார்த்துப் பெயரோடு உரத்துச் சொல்லுவார்கள். இவர் "உப்பில்லை" என்று மட்டும் சொல்லித் தட்டைத் தள்ளிவிடுவார். நோயாளியின் பெயர் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை.

அவருடைய பெயரையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. அவர் காலமாகி இரண்டு வருடமாகிறது, இனி யாரும் கோபிக்கப் போவதில்லை. இருந்தாலும் அவருக்குப் பிடிக்காத காரியத்தை ஆள் இல்லாத நேரத்தில் செய்ய மனம் வரவில்லை. நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

முதலில் எனக்கு இது பெரிய பகிடியாக இருந்தது. எங்கள் ஷெஃப் ஒரு முசுறு. அரை நிமிடம் இடத்தில் ஆள் இல்லையென்றால் கத்தத் தொடங்கிவிடுவார். ஒருநாள் நான் குளிர்ப்பதன அறைக்குள் நின்று கனடாவில் இருக்கும் மச்சாளோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தேன். ஷெஃப் வந்து அண்ணையிடம் கேட்டிருக்கிறார். "வைஸ் நிட்" என்று பேர்ண்காரரின் பாஷையிலேயே தெரியாது என்று சொல்லியிருக்கிறார். என் சிரிப்புச் சத்தம் கதவுக்குள்ளால் வெளியே கேட்டுக்கொண்டிருந்ததாம். ஷெஃப் கதவைத் திறந்து என்னைப் பார்த்தார், திரும்பி அவரைப் பார்த்தார். அவர் சூப் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த மனுசனுக்குக் கன்னத்தில் ஒரு நரம்புகூட அசையவில்லை.

"அண்ணை, நீங்கள் பொய் சொல்லி என்னைக் காப்பாத்தினியளோ, காட்டிக் குடுத்தியளோ?" என்று இடைவேளையில் கேட்டேன்.

"நான் ஒண்டும் செய்யேல்லை. நீர் எங்கை நிண்டனீர் எண்டு எனக்குத் தெரியாது."

"கதவு ரண்டு அடி தூரத்திலை இருக்கு."

"கதவு தெரியும்" என்றார்.

இந்தக் குணத்தால் பெண்களுக்கு அவரில் ஒரு தனி நம்பிக்கை இருந்தது. எங்கள் கல்யாண மண்டபங்களில் சாப்பாட்டை விட அதிகமாகப் பரிமாறப்படுவது மற்றவர் வீட்டு விசயம். இன்னாரின் மகள் இப்போது எங்கே இருக்கிறாள், யாரோடு இருக்கிறாள், அந்தப் பெடியன் வெள்ளையோ தமிழோ என்று நாலு பேர் சூழ்ந்து கேட்பார்கள். அண்ணை வடையைக் கடித்தபடி தெரியாது என்பார். கொஞ்ச நேரத்தில் கேட்டவர்களுக்கே சலித்துப்போய்விடும். இத்தனைக்கும் அந்தப் பிள்ளைக்கு வீடு மாற்றத் தளபாடம் தூக்கிக் கொடுத்தவரே அவர்தான். கோயிலில் அர்ச்சனை செய்தாலும் பெயர், நட்சத்திரம் ஒன்றும் கொடுக்கமாட்டார். "சுவாமி பேருக்குச் செய்யுங்கோ ஐயா" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

ஆனால் எல்லா நாளும் பகிடியாக இருக்கவில்லை. எங்களோடு பாத்திரம் கழுவும் பகுதியில் ஒரு போர்த்துக்கீசர் வேலை செய்தார். ஒருநாள் உடுப்பு மாற்றும் அறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். நல்லகாலம், ஆஸ்பத்திரிக்குள்ளேயே விழுந்தார், தள்ளுவண்டியில் மேலே கொண்டுபோய்விட்டார்கள். தள்ளிக்கொண்டு போனவர்களில் அண்ணையும் ஒருவர். பிறகு அந்த மனுசனின் மனைவி சமையலறைக்குப் போன் எடுத்தாள். எடுத்துக் கதைத்தவர் அண்ணை. தன் புருசன் எங்கே என்று அவள் கேட்க, இவர் தெரியாது என்று சொல்லி வைத்துவிட்டார். அவள் ஊர் முழுக்க அலைந்து, கடைசியில் அவசர சிகிச்சைப் பிரிவில் போய்க் கண்டுபிடிக்க இரண்டு மணித்தியாலம் ஆகிவிட்டது.

அன்று எனக்கு அவரில் சரியான கோபம். "அவ பெஞ்சாதி அண்ணை! வேறை யாருமோ?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

"போனிலை குரல்தானே கேக்குது. ஆரெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"அழுதுகொண்டு கேட்டவவாம்."

"அழுதும் கேப்பினம்" என்றார்.

அந்தப் பதிலைக் கேட்டதும் கத்துவதை நிறுத்தினேன். இந்த மனுசனிடம் முன்பு யாரோ அழுது கேட்டிருக்கிறார்களா, அல்லது இவர் அழுததை யாரும் பார்த்துக்கொண்டு நின்றார்களா என்று யோசித்தேன். கேட்கவில்லை. மறுநாள் அவர் ஒரு பெட்டி பிஸ்கட் வாங்கிக்கொண்டு அந்தப் போர்த்துக்கீசரைப் பார்க்கப் போனார் என்றும், அந்தப் பெண் வாசலிலேயே திட்டி அனுப்பிவிட்டாள் என்றும் கேள்விப்பட்டேன்.

அவர் ஊரில் பத்திரிகையில் இருந்தவர் என்பது எங்களுக்குத் தெரியும். யுத்த காலத்தில் அவரைப் பிடித்துக்கொண்டுபோய் ஒன்றரை மாதம் வைத்திருந்தார்கள் என்பதும் தெரியும். பிடித்தது யார் என்று அவர் சொன்னதில்லை. "துவக்கு வைச்சிருந்தவங்கள்" என்பார். துப்பாக்கி வைத்திருந்தவர்கள், அவ்வளவுதான். இந்த நாட்டுக்கு வந்து அகதி விசாரணையில் இருந்தபோதும் இதே பாட்டுத்தானாம். யார் பிடித்தது, உன்னோடு வேலை செய்தவர்கள் யார், அவர்கள் இப்போது எங்கே, உன் கதையை உறுதிப்படுத்த யாரைக் கேட்கலாம் என்று அதிகாரி ஒவ்வொன்றாகக் கேட்க, இவர் எல்லாவற்றுக்கும் தெரியாது என்று சொல்லியிருக்கிறார். நம்பும்படியாக இல்லை என்று எழுதி விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். திருப்பி அனுப்பவும் முடியாமல் தற்காலிக எஃப் விசாவைக் கொடுத்து வருடக்கணக்காக வைத்திருந்தார்கள். வாயைத் திறக்காமல் அகதி விசா கேட்ட ஒரே தமிழன் நீங்கள்தான் என்று நான் அவரைக் கேலி செய்வதுண்டு. அவரும் சிரிப்பார். மனைவி பிள்ளைகளைக் கூப்பிட முடியாமல் போனதும் அதனால்தான் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. தெரிந்த பிறகு அந்தக் கேலியை விட்டுவிட்டேன்.

இனி என் தங்கச்சியின் மகனைப் பற்றிச் சொல்லவேண்டும்.

வசந்திக்கு ஒரே பிள்ளை, அபிராமன். பூம்ப்ளிஸில் பிறந்து வளர்ந்தவன். படிக்கிற காலத்தில் இரண்டு கோடை விடுமுறைக்கு எங்கள் சமையலறையில் வேலை செய்திருக்கிறான், அதனால் அண்ணைக்கும் அவனைத் தெரியும். பிறகு கமராவைத் தூக்கிக்கொண்டான். ஒரு பத்திரிகையில் கொஞ்சக் காலம் இருந்தான், அங்கே ஆட்குறைப்புச் செய்ததும் தன்பாட்டில் படம் எடுத்து விற்கத் தொடங்கினான். சம்பளமும் இல்லை, காப்புறுதியும் இல்லை. ஆபத்து வந்தால் பொறுப்பெடுக்க ஓர் அலுவலகமும் இல்லை. சண்டை நடக்கும் இடத்துக்குப் போனால்தான் படத்தை வாங்குகிறார்கள் பெரியம்மா என்பான். வசந்தி அழுவாள், அவன் அணைத்துக் கொஞ்சிவிட்டுப் போய்விடுவான். கடைசியாகப் போன நாட்டின் பெயரை நான் எழுதவில்லை. போய்ப் பதினொரு நாளில் அவனுடைய போன் நின்றுவிட்டது.

வெளிவிவகார அமைச்சிலிருந்து ஓர் அம்மாவும் ஒரு ஐயாவும் வசந்தி வீட்டுக்கு வந்தார்கள். நல்ல மனுசர். அபி உயிரோடு இருக்கிறான், ஆயுதம் வைத்திருக்கும் ஒரு கூட்டத்தின் கையில் இருக்கிறான், பேச்சு நடக்கிறது என்றார்கள். ஒரு வார்த்தைகூட வெளியே போகக்கூடாது என்றார்கள். ஏன் என்று கேட்டதற்கு, பொதுவாக அப்படித்தான் நல்லது என்றார்கள். தாய்க்காரிக்கு அது ஒரு பதிலா?

நான் அண்ணையிடம் மட்டும் சொன்னேன். அவரிடம் சொன்னால் சுவருக்குச் சொன்ன மாதிரி. அவர் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, பட்டியில் தட்டுகள் போய்க்கொண்டிருக்க அப்படியே நின்றார். நாலைந்து பேருக்குச் சூப் இல்லாமலே சாப்பாடு போய்விட்டது. அடுத்த நாள், ஒருவர் வீட்டுக்கும் போகாத மனுசன், வசந்தி வீட்டுக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, சோபாவின் நுனியில் இருந்தார்.

"தங்கச்சி, பிள்ளையின்ரை பேரை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. அவன் என்ன வேலை செய்யிறவன் எண்டும் சொல்லாதேங்கோ."

"ஏன் அண்ணை? எங்கடை சனம் எல்லாம் சேந்து பாராளுமன்றத்துக்கு முன்னாலை ஒருக்கால் நிண்டால் கெதியா விடுவிக்கமாட்டினமோ?"

"சொல்லாதேங்கோ."

"அதுதான் ஏன் எண்டு கேக்கிறன்."

அவர் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு மூடிக்கொண்டார். "சொல்லாதேங்கோ" என்று மூன்றாம் தரமும் சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டார். வசந்திக்கு ஆத்திரம். "இந்தாள் தானும் பயந்து சாகுது, எங்களையும் பயந்து சாகச் சொல்லுது" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

வசந்தி நாலு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். தெரிந்தவர்கள் கேட்டால் அபி லண்டனில் படிக்கிறான் என்று சொன்னாள். பிறகு சாப்பாட்டைக் குறைத்தாள். பிறகு கட்டிலை விட்டு எழும்பவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை நான் அவளுடைய தலையைத் துடைத்துவிட்டு, நேரே கோயிலுக்குப் போனேன். ஊருக்கு வெளியே பழைய பட்டறையை வாடகைக்கு எடுத்து நடத்தும் சின்னக் கோயில். அர்ச்சனைத் துண்டில் பெயர், நட்சத்திரம் எழுதினேன். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் சுவிஸ் முழுக்க எத்தனை அபிராமன், கடவுள் மாறி வேறொருவனைக் காப்பாற்றிவிட்டால் என்ன செய்வது என்று எனக்கு ஒரு யோசனை. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்போது நூற்றுக்கு நூறு நியாயமாக இருந்தது. துண்டின் அடியில், யுத்தம் நடக்கும் நாட்டில் பிடிபட்டிருக்கும் பத்திரிகைப் படப்பிடிப்பாளன், விடுதலை கிடைக்கவேண்டும் என்று நாட்டின் பெயரோடு விவரமாக எழுதிக் கொடுத்தேன்.

ஐயர் நல்ல மனதோடு அதை ஒலிவாங்கியில் முழுதாக வாசித்து, எல்லோரையும் அந்தப் பிள்ளைக்காகக் கும்பிடச் சொன்னார். சனம் அரோகரா என்றது. நான் கண்ணை மூடி அழுதுகொண்டிருந்தேன். மூலையில் முக்காலியில் வைத்த போன், வெளிநாட்டில் இருக்கும் அடியார்களுக்காகப் பூசையை நேரலையில் அனுப்பிக்கொண்டிருப்பது எனக்கு நன்றாகத் தெரிந்த விசயம். ஒவ்வொரு வெள்ளியும் என் மச்சாள் கனடாவிலிருந்து அதைத்தான் பார்ப்பாள். அந்த நேரத்தில் அது என் புத்தியில் ஏறவே இல்லை.

மச்சாள் பார்த்தாள். பதறிப்போய் வீடியோவில் அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்தாள். அபி கழுத்தில் கமராவோடு நிற்கும் பழைய படம் ஒன்றைச் சேர்த்தாள். ஆங்கிலத்தில் முழுப் பெயரையும் தொழிலையும் போட்டு, எங்கள் பிள்ளைக்காகப் பிரார்த்தியுங்கள் என்று முகநூலில் விட்டாள். அவளுக்கும் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை காலை நான் எழும்பிப் பார்த்தபோது லண்டன், பாரிஸ், ஒஸ்லோ, சிட்னி என்று சொந்தக்காரர் எல்லோரும் அதை எடுத்துப் போட்டிருந்தார்கள்.

அமைச்சுக்குப் போன் அடித்தேன், வார இறுதி, ஒரு குரல் குறிப்பெடுத்துக்கொண்டது. பிறகு அண்ணைக்கு அடித்தேன். அரை மணித்தியாலத்தில் வந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். கதிரையில் இருந்து இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தார்.

"என்ரை பிழை" என்றார்.

"அர்ச்சனை செய்தது நான் அண்ணை."

"இல்லை. ஏன் எண்டு நான் சொல்லியிருக்கவேணும்." கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தார். "அபி போக முதல் என்னட்டை வந்தவன். பிடிச்சால் என்ன செய்யிறது எண்டு கேட்டவன். உனக்கு நல்லாத் தெரிஞ்ச வேறை ஒரு தொழிலைச் சொல்லு, தெரியாததைச் சொன்னால் ரண்டு கேள்வியிலை பிடிபட்டிடுவாய் எண்டு சொன்னனான். எங்கடை கிச்சினைச் சொல்லுறன் அங்கிள் எண்டு சிரிச்சவன். அவன் அங்கை இப்ப சமையல்காரன், கோக்கியா இருக்கிறான் தங்கச்சி. கமராக்காரன் எண்டு தெரிஞ்சால், உளவாளி எண்டுவாங்கள். இல்லாட்டில் விலை பேசுவாங்கள்."

நான் சமையலறை மேசையில் தலையை முட்டிக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை. "போன் நம்பர் எல்லாத்தையும் எழுதித் தாரும்" என்றார்.

சனியும் ஞாயிறும் அவர் என் சமையலறையில் இருந்து போன் எடுத்தார். அந்தப் படத்தைப் போட்டவர்கள் இருபத்திமூன்று பேர். நான் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்திருந்தேன், ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளைக்காகத்தானே போட்டோம், உலகம் தெரிந்தால்தானே விடுவார்கள், உமக்கு என்ன விசர் என்றார்கள். அண்ணை போன் எடுத்ததும் முதலில் தன் முழுப் பெயரையும் சொன்னார். பிறகு தன் ஊரை, தான் வேலை செய்த பத்திரிகையை, பிடிபட்ட வருடத்தைச் சொன்னார். இத்தனை வருடமாகப் பக்கத்தில் நின்ற எனக்கு அவருடைய ஊர் அன்றுதான் தெரியும்.

"என்னைப் பிடிச்சு வைச்சிருந்தவங்கள். அடிச்சவங்கள்தான், அதிலை நான் ஒண்டும் சொல்லேல்லை. பிறகு ஒரு நாள் நல்ல மனுசன் மாதிரி ஒருத்தன் தேத்தண்ணி கொண்டு வந்தான். என்ரை கூட்டாளி, என்னோடை பேப்பரிலை இருந்தவன், அவன் எங்கை எண்டு கேட்டான். சும்மா கதையோடை கதையாத்தான் கேட்டவன். மாமி வீட்டை இருப்பான் எண்டு சொல்லிப்போட்டன். மூண்டாம் நாள் என்னை றோட்டிலை கொண்டுவந்து விட்டிட்டாங்கள். அவனைப் பிறகு ஒருத்தரும் காணேல்லை. அதாலை கேக்கிறன். அந்தப் படத்தை எடுத்துவிடுங்கோ."

இதை இருபத்திமூன்று தரம் சொன்னார். முதல் ஐந்தாறு தரம் குரல் உடைந்தது. பிறகு வெறும் விலாசம் சொல்வது போல வந்தது. நான் தேத்தண்ணி போட்டுப் போட்டு வைத்தேன், அவர் ஒன்றையும் தொடவில்லை. சிலர் அழுதார்கள். சிலர் பேசாமல் வைத்துவிட்டு உடனே அழித்தார்கள். என் மச்சாள்தான் கடைசிவரை மல்லுக்கு நின்றவள். பாரிஸில் ஒருவர், வயதான ஆள், போன் ஒலிபெருக்கியில் இருந்ததால் எனக்கும் கேட்டது, "அப்ப உம்மடை கூட்டாளியைக் காட்டிக் குடுத்தது நீர்தானோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றார் அண்ணை. "இப்ப எடுத்துவிடுறியளோ?"

ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்கு, கோயிலின் நேரலைப் பதிவு உட்பட, ஒன்றும் மிச்சமில்லை. அவர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, நாளைக்கு எனக்குக் காலை வேலை என்று சொல்லிவிட்டுப் போனார். வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் சப்பாத்துப் போட்டார். அதற்குப் பிறகு எங்கள் சனத்துக்குள் அவரைப் பற்றி ஒரு கதை ஓடத் தொடங்கியது. கல்யாணங்களில் அவர் இருந்த மேசையில் ஆட்கள் குறைந்தார்கள். அது அவருக்குத் தெரியும். அதற்காக அவர் கல்யாணத்துக்குப் போகாமல் விடவில்லை.

அபி வந்தான். பிடிபட்டு ஏழு மாதத்துக்குப் பிறகு, யார் என்ன பேசி எப்படி விட்டார்கள் என்று இன்றுவரை எங்களுக்குச் சொல்லாமல், ஒரு செவ்வாய்க்கிழமை கொண்டுவந்து விட்டார்கள். பதினாலு கிலோ குறைந்திருந்தான். வலது கையில் இரண்டு விரல் மடியாது. சத்தமாகக் கதவு சாத்தினால் சுவரோரம் போய்விடுவான். விரலுக்கு என்ன நடந்தது என்று கேட்டால், விழுந்துவிட்டேன் என்றான். எனக்கு ஒரு கேள்விதான் இருந்தது, அதை அவனிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. அவன் கதைத்தது அண்ணையோடு மட்டும்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் இருவரும் காட்டுப் பக்கம் நடக்கப் போவார்கள்.

ஒருநாள் வேலை முடிந்து ட்ராம் தரிப்பிடத்தில் இருவரும் இருந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் கேட்டேன்.

"அண்ணை, அந்த வீடியோவை அவங்கள் பாத்தவங்களோ?"

அவர் தெரியாது என்று சொல்லுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். உண்மையைச் சொன்னால், அதைக் கேட்கத்தான் நான் வாயைத் திறந்தேன். அவர் தெரியாது என்று சொன்னால் அதையே பிடித்துக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம் என்று இருந்தேன்.

"ஓம்" என்றார்.



"சனிக்கிழமை மத்தியானம் போனைக் கொண்டுவந்து அவனுக்குக் காட்டினவங்களாம். அதுக்குப் பிறகுதான் விரல். எட்டு நாள் அடிச்சிருக்கிறாங்கள். அவன் அது நான் இல்லை, என்ரை பேரிலை வேறை ஆள் எண்டு சாதிச்சிருக்கிறான். அவங்கள் திரும்பத் தேடிப் பாக்க ஒண்டும் வரேல்லை. பிறகு அடிக்கிறதை விட்டிட்டு, திரும்பச் சமைக்க விட்டவங்களாம்." மழையைப் பார்த்தபடி சொன்னார். "உமக்குச் சொல்லவேண்டாம் எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவன்."

ட்ராம் வந்து போனது. அவரில்தான் முதலில் கோபம் வந்தது. "உலகத்திலை ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லாத ஆள், எனக்கு மட்டும் ஏன் சொன்னனீங்கள்?" என்று கத்தினேன். தரிப்பிடத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் சொன்ன இடத்திலைதான் என்ரை கூட்டாளியைப் பிடிச்சவங்களோ, இல்லாட்டில் வேறை எங்கையுமோ எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. அவன்ரை மாமியிட்டைக் கேட்டனான், அவவுக்கும் தெரியாதாம். ஒவ்வொரு நாளும் விடிய எழும்பேக்கை ஒருக்கால், சிலவேளை நான் இல்லையோ எண்டு நினைப்பன். பல்லு மினுக்கி முடியிறதுக்கிடையிலை, நான்தான் எண்டு நினைப்பன். வயசு போட்டுது தங்கச்சி, இன்னும் அதுதான்." என் தோளைத் தொடுவது போல் கையைக் கொண்டுவந்தார், பிறகு எடுத்துவிட்டார். "உமக்கு எண்டாலும் போய்ச் சொல்லுறதுக்கு ஆள் உயிரோடை இருக்கு."

அவரோடு நான் மூன்று மாதம் கதைக்கவில்லை. பட்டியில் பக்கத்தில் நின்று சோறு வைத்தேன், அவர் சூப் ஊற்றினார். பிறகு அவர் ஓய்வு பெற்றார், அடுத்த குளிர்காலம் போய்விட்டார். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கவேண்டும், சொல்லவில்லை. அதை இதில் எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதும் தெரியும்.

ஆனால் ட்ராம் தரிப்பிடத்தில் அவர் அதைச் சொன்ன அன்று பின்னேரம் நான் வீட்டுக்குப் போகவில்லை. நேரே வசந்தி வீட்டுக்குப் போனேன். அவள் வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. அபி கதவைத் திறந்தான், என் முகத்தைப் பார்த்தான்.

"அங்கிள் சொல்லிப்போட்டாரோ?" என்றான்.

நான் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். துண்டில் நான் எழுதியதை, ஒரு சொல்லும் விடாமல், கடவுள் மாறிவிடுவார் என்று பயந்து எழுதியதையும் சேர்த்துச் சொன்னேன். அவன் மடியாத விரல்களை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எனக்கு உங்களிலை கோவம் பெரியம்மா" என்றான். "இன்னும் போகேல்லை. எப்ப போகும் எண்டும் தெரியேல்லை." பிறகு கதவை அகலத் திறந்தான். "உள்ளை வாங்கோ. நான்தான் சமைச்சனான், சாப்பிட்டிட்டுப் போங்கோ."

போய் இருந்தேன். அவனே போட்டுத் தந்தான், சாப்பிட்டேன்.